நெல் விதைக்கு அட்டை உண்டு! காடை முட்டைக்கு அட்டை எங்கே?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் விவசாயப் பெருமக்களே! காடை வளர்க்கும் தாய்மார்களே! வேலை கிடைக்காமல் வீட்டுப் பின்கட்டில் கூண்டு அடித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே!

இந்தத் துண்டறிக்கையை வாங்கி மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். கால் மணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். ஏனென்றால் இதில் இருப்பது நம் வீட்டுக் காசு.

நம் நிலைமை நமக்குத் தெரியாததல்ல. பாகூர் ஏரிப் பாசனம் பார்த்த நிலமெல்லாம் இன்றைக்கு மனைப்பிரிவாகக் கல் நட்டு நிற்கிறது. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை நின்றுபோனபோது கரும்பு போட்டவன் பட்ட பாடு ஊரறியும். ஒரு காணி, அரைக் காணி வைத்திருப்பவன் நெல்லை மட்டும் நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்க முடியாது. அதனால்தான் மாடு, ஆடு, கோழி என்று போய், கடைசியில் காடைக்கு வந்தோம்.

காடை நல்ல தொழில்தான். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. "ஆயிரம் கோழிக்கு அரைக் காடை" என்று ஊரில் சொலவடையே உண்டு. ஒரு சதுர அடியில் ஐந்து காடை வளரும். 17, 18 நாளில் முட்டை பொரியும். ஐந்தாவது வாரம் கறிக்குப் போகும். ஆறேழு வாரத்தில் பெட்டை முட்டை போட ஆரம்பிக்கும். கோழிக்குப் போடுவது போல வரிசையாகத் தடுப்பூசி போட வேண்டியதில்லை. நிலமில்லாத தாய்மார்கூடத் தாழ்வாரத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தொழில் நல்லது. ஆனால் தொழிலின் வாசலிலேயே ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தின் பெயர் "ஜம்போ காடை முட்டை".

நாங்களே விழுந்தோம்

ஊருக்கு உபதேசம் செய்ய நாங்கள் வரவில்லை. முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

போன சித்திரையில் நம் சங்கத்தின் மூலமாகக் கூட்டுக் கொள்முதல் என்று முடிவு செய்தோம். பதினாறு உறுப்பினர்கள் பங்கு போட்டார்கள். அதில் ஒன்பது பேர் தாய்மார்கள். ஒரு அக்கா காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துக் காசு கொண்டுவந்தார். வெளியூர்ப் பண்ணை ஒன்றில் 1,200 முட்டை, முட்டை ஒன்று 25 ரூபாய் என்று பேசி 30,000 ரூபாய் கட்டினோம். "சார், இது ஜம்போ ரகம். ஒவ்வொண்ணும் முந்நூறு கிராம் வரும். நூற்றுக்கு எண்பது பொரியும்" என்றார்கள். பெரிய பெட்டைக் காடை ஒன்றைத் தராசில் வைத்தும் காட்டினார்கள். முந்நூற்றுச் சொச்சம் காட்டியது. நாங்களும் மயங்கிப் போனோம். கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். மறைக்கவில்லை.

18 நாள் கழித்துப் பொரிந்தது 391 குஞ்சு. முதல் வாரத்தில் 61 செத்தது. மிஞ்சியது 330. முப்பதாயிரத்தை 330-ஆல் வகுத்துப் பாருங்கள். குஞ்சு ஒன்று 91 ரூபாய்! வளர்த்து முடித்த காடைக்கே அந்த விலை கிடைக்குமா என்று வில்லியனூர் கடைத்தெருவில் விசாரித்துப் பாருங்கள். இதில் தீவனம் சேரவில்லை, கரண்ட் சேரவில்லை, நம் தூக்கம் கெட்டது சேரவில்லை.

பண்ணைக்குப் போன் போட்டோம். "உங்க மெஷின் சரியில்லை சார்" என்றார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று பொரியாத 809 முட்டையையும் ஒவ்வொன்றாக உடைத்தோம். நாற்றம் தாங்காமல் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு உடைத்தோம். 169-இல் முழுக் குஞ்சாக வளர்ந்து செத்திருந்தது. அது எங்கள் தப்பாக இருக்கலாம். கடைசி மூன்று நாளில் இரண்டு முறை கரண்ட் போனது உண்மை. 120-இல் ரத்த வளையம் மட்டும் இருந்தது. மீதி 520-இல் ஒன்றுமே இல்லை. மஞ்சள் கரு வாங்கி வந்த மாதிரியே கிடந்தது. அதில் சிலது முதல் நாளிலேயே செத்த கருவாகவும் இருக்கலாம் என்று தள்ளுபடி கொடுத்தாலும், கணக்கு எங்கே நிற்கிறது? நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூமுட்டை!

கூமுட்டையை எந்த மெஷினில் வைத்தாலும் குஞ்சு வருமா? முட்டை கூமுட்டை, காசு கொடுத்த நாமும் கூமுட்டையா?

பொரிந்ததாவது ஜம்போவா? ஐந்தாவது வாரம் ஐம்பது ஆண், ஐம்பது பெட்டை எடுத்து நிறுத்தோம். ஆண் சராசரி 178 கிராம், பெட்டை 196 கிராம். சாதாரணக் காடை எடைதான். பாதி விலைக்குக் கிடைக்கிற முட்டையில் வருகிற காடைதான்.

பில் எங்கே என்று கேட்கிறீர்களா? ஒரு துண்டுச் சீட்டு. அதில் "காடை முட்டை 1200" என்று மட்டும் இருக்கிறது. ரகத்தின் பெயர் இல்லை. குஞ்சு பொரிக்கும் முட்டை என்றும் இல்லை. ஆம்லெட் போட வாங்கினீர்களா, அடை வைக்க வாங்கினீர்களா என்று நாளைக்கு ஒரு வக்கீல் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

சங்க நிதியிலிருந்து பங்குத் தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம். மீதி இன்னும் பாக்கி. கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஏமாற்று எப்படி நடக்கிறது?

கோபப்பட்டு மட்டும் பயனில்லை. எங்கே ஏமாந்தோம் என்று உட்கார்ந்து பார்த்தோம். நான்கு இடம் தெரிந்தது.

முதலாவது, எடை. காடைக்கு எடை சொன்னால் வயதும் சொல்ல வேண்டும். இந்தப் பறவையில் ஆணைவிடப் பெட்டைதான் பெரிது. மூன்று மாதம் ஆன, வயிற்றில் முட்டை வைத்திருக்கிற கொழுத்த பெட்டையைத் தராசில் ஏற்றினால் எந்தப் பண்ணையிலும் முள் மேலேதான் போகும். அது ரகத்தின் எடை அல்ல. கறிக்குப் போகிற வயது ஐந்து வாரம். அந்த வயதில் ஆணும் பெட்டையும் சேர்த்துச் சராசரி எவ்வளவு, அதுவரை தின்ற தீவனம் எவ்வளவு? இந்த இரண்டு எண்ணைச் சொல்ல முடியாதவர் "ஜம்போ" என்று சொல்லவே கூடாது.

இன்னொன்றும் யோசியுங்கள். நம் பக்கம் ஓட்டல்காரரும் கடைக்காரரும் காடையை எண்ணிக்கையில்தான் வாங்குகிறார்கள். கிலோவில் அல்ல. பெரிய காடை கூடுதலாகத் தீவனம் தின்னும். கூடுதல் காசு வருமா? எடைக்கு விலை போடுகிற ஆள் முதலில் கையில் இருந்தால்தான் பெரிய ரகத்தால் லாபம். இல்லையென்றால் பெரிய ரகத்தால் லாபம் முட்டை விற்றவருக்கு மட்டும்தான்.

இரண்டாவது, கூமுட்டை. சாப்பாட்டு முட்டைக்காக வளர்க்கிற காடைக் கூண்டில் ஆணே இருக்காது. இருக்கத் தேவையும் இல்லை. அந்த முட்டையில் குஞ்சு வராது. கடையில் சாப்பாட்டு முட்டைக்கு ஒரு விலை. "அடை முட்டை" என்று சொன்னால் அதைப்போல் பல மடங்கு. காடை முட்டை ஓடு முழுக்கப் புள்ளியும் திட்டும். கோழி முட்டையைப் போல் விளக்கு வெளிச்சத்தில் வைத்து எளிதில் பார்க்க முடியாது. வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்பது எவ்வளவு வசதி, பாருங்கள்!

ஆண் இருந்தாலும் போதாது. இரண்டு மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் வேண்டும். தாய்க்காடைக்கு வயது ஏறினால் கரு கூடுவது குறையும். இன்னொரு உண்மையும் உண்டு: எடைக்காகவே தேர்ந்தெடுத்துக் கொண்டுபோனால் பறவை கனக்கும், ஆனால் கரு கூடுவதும் பொரிப்பும் இறங்கும். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எச்.எல். மார்க்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் நான்கு வார எடையை மட்டும் பார்த்து 90 தலைமுறைக்கு மேல் ஜப்பானியக் காடையைத் தேர்வு செய்தார். உடம்பு ஏறிக்கொண்டே போனது. ஆனால் இயற்கை இலவசமாக எதையும் தராது. ஆகவே, "ரொம்பப் பெரிசு, ரொம்ப நல்லாப் பொரியும்" என்று இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறவரிடம் கணக்கு நோட்டைக் கேளுங்கள்.

மூன்றாவது, பெயர். நம் நாட்டுக்கு ஜப்பானியக் காடை 1974-ல் கொண்டுவரப்பட்டது. உத்தரப் பிரதேசம் இஸத்நகரில் உள்ள மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம் அதை வளர்த்தெடுத்து காரி உத்தம், காரி உஜ்வல், காரி ஸ்வேதா, காரி பேர்ல் என்று பல ரகங்களைக் கொடுத்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று கறி ரகங்களைக் கொடுத்தது. இவையெல்லாம் பேரும் ஊரும் தகப்பனும் உள்ள ரகங்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உருவான வெள்ளைக் கறிக்காடையும் அப்படித்தான்.

ஆனால் "ஜம்போ", "சூப்பர் ஜம்போ", "ராட்சசக் காடை" என்று வருகிறதே, அதற்குத் தகப்பன் யார்? எந்த நிலையம் வெளியிட்டது? யாரும் கேட்பதில்லை. வெள்ளையாக இருந்தால் ஏ அண்ட் எம், கருப்பாக இருந்தால் இன்னொரு பெயர். நிறத்துக்குப் பெயர் வைக்கிறார்களே தவிர எடைக்குப் பொறுப்பேற்பதில்லை. வெள்ளைக் காடை வாங்குகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் காடையில் மூன்று வாரத்தில் ஆணுக்கு நெஞ்சு செம்பழுப்பாகும், பெட்டைக்குக் கரும்புள்ளி விழும். வெள்ளையில் இறகைப் பார்த்து ஆண், பெண் பிரிக்க முடியாது. பருவம் வந்தபின் ஆசனவாய்ப் பக்கம் அழுத்தி நுரை வருகிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இதை எத்தனை பேர் விற்கும்போது சொல்கிறார்கள்?

நான்காவது, ரத்த உறவு. இதுதான் மெதுவாகக் கொல்கிற விஷம். கோழி தாங்குகிற அளவுக்குக்கூடக் காடை உறவுச் சேர்க்கையைத் தாங்காது. அண்ணன் தங்கையாகச் சேர்த்துக்கொண்டே போனால் இரண்டு மூன்று தலைமுறையிலேயே பொரிப்பு விழுந்து, குஞ்சு கால் மடங்கி, வம்சமே அற்றுப்போகும். ஆராய்ச்சிக் கூடங்களிலேயே பார்த்த விஷயம் இது. இருபது காடையில் ஆரம்பித்து, அதற்குள்ளேயே பெருக்கி, ஐந்து வருஷமாக "ஒரிஜினல் ஜம்போ" என்று விற்கிறவர் தெரிந்து ஏமாற்றுகிறாரோ, தெரியாமல் ஏமாற்றுகிறாரோ, நஷ்டம் நமக்குத்தான்.

விதைக்கு ஒரு நியாயம், முட்டைக்கு ஒரு நியாயமா?

இப்போது அரசாங்கத்தைக் கேட்கிறோம்.

சான்று பெற்ற நெல் விதை வாங்கினால் மூட்டையில் அட்டை தொங்குகிறது. ரகம் என்ன, முளைப்புத் திறன் எவ்வளவு, எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கிறது. நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீதம் முளைக்க வேண்டும். முளைக்காவிட்டால் கேட்க 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டம் இருக்கிறது. பால் ஊற்றப் போனால் பாண்லே சங்கத்தில் கொழுப்புப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். ஒரு புள்ளி குறைந்தால் நம் காசு குறைகிறது. நாம் விற்கும்போது புள்ளிக் கணக்கு! நாம் வாங்கும்போது கண்ணை மூடிக்கொள்!

குஞ்சு பொரிக்கும் முட்டையும் விதைதானே? 18 நாளில் முளைக்கிற விதை. அதற்கு ஏன் அட்டை இல்லை?

அரசாங்கத்துக்குக் காடை என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்ல முடியாது. 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி, ஜப்பானியக் காடைக்குப் புதிய பண்ணை அனுமதி தராதீர்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. காட்டில் கத்துகிற காடையைப் பிடிப்பது குற்றம். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. கூண்டிலேயே பொரிந்து கூண்டிலேயே வளர்கிற ஜப்பானியக் காடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பண்ணையாளர்கள் கத்தி, பல்கலைக்கழகங்களும் எடுத்துச் சொல்லி, அதன் பிறகுதான் அந்தத் தடை விலகியது. தடுக்கிறபோது காடையை அடையாளம் தெரிந்த அரசாங்கத்துக்கு, காடை வளர்ப்பவனைக் காப்பாற்றுகிறபோது மட்டும் கண் தெரியவில்லையா?

2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் என்ன நடந்தது? குஞ்சு கொடுக்கிறோம், தீவனம் கொடுக்கிறோம், நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பம் காசைக் கட்டியது. கடைசியில் பறவைக்குத் தீவனம் போடக்கூட ஆளில்லாமல் போனது. வழக்கு, கைது எல்லாம் பிறகு வந்தது. போன காசு? "திருப்பி வாங்கிக்கொள்கிறோம்" என்ற அதே வார்த்தை இன்றைக்குக் காடை முட்டையோடு சேர்ந்து நம் கிராமத்துக்குள் வருகிறது. எச்சரிக்கை!

சிலர் கேட்கிறார்கள்

"முட்டை விற்கிறவரும் நம்மைப் போல் சின்ன விவசாயிதானே, அவர் வயிற்றில் அடிக்கலாமா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் எந்தப் பண்ணையையும் மூடச் சொல்லவில்லை. நேர்மையாகத் தாய்க்காடை வைத்து, ஆண் மாற்றி, கணக்கு எழுதி, நல்ல முட்டை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முட்டை பத்து ரூபாய் என்றால், பேச்சு விற்கிறவர் முட்டை இருபத்தைந்து! அட்டை வந்தால் முதலில் பிழைப்பது நேர்மையான பண்ணைக்காரர்தான். அட்டை வேண்டாம் என்று யார் சொல்கிறாரோ, அவரைப் பற்றித்தான் நமக்குச் சந்தேகம்.

"விலை அதிகமென்றால் தரமும் அதிகம்" என்று இன்னொருவர் சொன்னார். அண்ணே, முட்டை விலையைப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் தாண்டி உயிரோடு நிற்கிற குஞ்சின் விலையைப் பாருங்கள். பத்து ரூபாய் முட்டை நூறு வாங்கி 50 குஞ்சு நின்றால் குஞ்சு 20 ரூபாய். இருபத்தைந்து ரூபாய் முட்டை நூறு வாங்கி 25 குஞ்சு நின்றால் குஞ்சு 100 ரூபாய். எது மலிவு?

"பொரிக்கத் தெரியாதவன் முட்டையைக் குறை சொல்கிறான்" என்றும் ஒரு பேச்சு. நம் தப்பை நாம் ஒத்துக்கொள்வோம். அதனால்தான் உடைத்துப் பார்க்கச் சொல்கிறோம். உடைத்தால் யார் தப்பு என்று முட்டையே சொல்லிவிடும்.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. இனி முட்டை வாங்கப் போகும் ஒவ்வொருவரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. பண்ணைக்கு நேரில் போங்கள். தாய்க்காடைக் கூண்டைப் பாருங்கள். இரண்டு மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் இருக்கிறதா? ஆண் காடை சுறுசுறுப்பாக இருக்கிறதா? கால் நேராக இருக்கிறதா? தாய்க்காடைக்கு வயது என்ன? ஆண் எங்கிருந்து வாங்கினார், பெட்டை எங்கிருந்து வாங்கினார்? இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

2. தராசைக் கையோடு எடுத்துப் போங்கள். அவர் பொறுக்கித் தரும் காடையை நிறுக்காதீர்கள். ஐந்து வாரக் கூண்டில் நீங்களே கைவிட்டுப் பத்து எடுத்து நிறுங்கள்.

3. மொத்தமாக வாங்குமுன் பத்து முட்டைக்குத் தனியாகக் காசு கொடுத்து அங்கேயே உடையுங்கள். மஞ்சள் கரு மேல் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். பொட்டைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி வளையம் தெரிந்தால் கரு கூடிய முட்டை. வளையம் இல்லாமல் சின்னதாக, ஒழுங்கில்லாத வெறும் வெள்ளைப் புள்ளி என்றால் கூமுட்டை. பத்துக்கு எட்டு நன்றாக இருந்தால் வாங்கலாம். ஐந்து என்றால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். நூறு ரூபாய் போனால் போகட்டும், முப்பதாயிரம் மிஞ்சும்.

4. ஏழு நாளுக்கு மேல் வைத்திருந்த முட்டை வேண்டாம். நாள் ஏற ஏறப் பொரிப்பு இறங்கும். மிகச் சின்னது, மிகப் பெரியது, கோணல், கீறல், அழுக்கு எல்லாம் கழித்துவிடுங்கள். சாதாரணக் காடை முட்டை 10 முதல் 12 கிராம் இருக்கும்.

5. சித்திரை, வைகாசி வெயிலில் பஸ் கூரையில் முட்டை ஏற்றாதீர்கள். சூடு ஏறினால் கரு வளர ஆரம்பித்து, பிறகு வழியிலேயே சாகும். ராத்திரியில் கொண்டுவாருங்கள். கூர்முனை கீழே இருக்கட்டும். குலுங்கி வந்த முட்டையைக் குளிர்ந்த அறையில் பன்னிரண்டு மணி நேரமாவது ஆறவைத்து, பிறகு மெஷினில் வையுங்கள்.

6. காற்றாடி உள்ள மெஷினில் 37.5 டிகிரி. ஒரு நாளைக்குப் பல முறை திருப்பல். 14 நாள் முடிந்ததும் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். பொரியும் நேரத்தில் மெஷின் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று முட்டை வாங்குமுன்பே முடிவு செய்யுங்கள்.

7. பொரிந்த குஞ்சு ஏழெட்டுக் கிராம்தான். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் மூழ்கிச் சாகும். வழுக்கும் காகிதத்தில் விட்டால் கால் விரிந்து போகும். முதல் வாரம் நல்ல வெப்பமும், புரதம் நிறைந்த நைசான தீவனமும் வேண்டும். இதில் தவறிவிட்டு முட்டைக்காரரைத் திட்டக் கூடாது.

8. பொரியாததை உடைத்து எண்ணி நோட்டில் எழுதுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். ஒன்றுமே இல்லாதது எத்தனை, ரத்த வளையம் எத்தனை, முழுக் குஞ்சு எத்தனை. இந்த நோட்டுதான் நாளைக்கு நம் ஆயுதம்.

9. பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பில்லில் "குஞ்சு பொரிக்கும் காடை முட்டை" என்றும், ரகத்தின் பெயரும், முட்டையிட்ட தேதியும், சொன்ன பொரிப்பு சதவீதமும் எழுதி வாங்குங்கள். 2012-ல் தேசிய விதைக் கழக வழக்கில், விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குகிறவனையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கவில்லை. ஆனால் சீட்டில் எழுதாததை எந்த மன்றமும் படிக்காது.

10. முதல் தடவையே ஆயிரம் வாங்காதீர்கள். நூறு வாங்கிப் பார்த்துப் பிறகு பெருக்குங்கள். நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

நம் கையில் ஒரு வழி

இன்னொரு யோசனையும் சங்கத்தில் வைத்திருக்கிறோம். கூடப்பாக்கம், மங்கலம், பாகூர், கிருமாம்பாக்கம் ஆகிய நான்கு ஊரிலும் ஊருக்கு ஒரு வீட்டில் தாய்க்காடை வைப்போம். அரசு நிலையத்து ரகமாக, ஒவ்வொரு வீட்டுக்கும் வெவ்வேறு கூட்டத்திலிருந்து வாங்குவோம். நான்காவது வாரம் நிறுத்து, கால் நேராக, எடை கூடுதலாக உள்ளதை மட்டும் தாய்க்கு நிறுத்துவோம். ஒவ்வொரு தலைமுறைக்கும் கூடப்பாக்கத்து ஆண் மங்கலத்துக்கு, மங்கலத்து ஆண் பாகூருக்கு, பாகூர் ஆண் கிருமாம்பாக்கத்துக்கு, கிருமாம்பாக்கத்து ஆண் கூடப்பாக்கத்துக்கு என்று சுற்றி வரும். பெட்டை இடம் மாறாது. ரத்த உறவு எளிதில் சேராது. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை; கல்யாணத்துக்குப் பங்காளி வீட்டில் பெண் எடுக்காத நமக்கு இது புரியாதா?

இதில் வரும் முட்டையை முதலில் ஏமாந்த அந்தப் பதினாறு பேருக்கு அடக்க விலையில் கொடுப்போம். அந்தப் பாக்கியைத் தீர்ப்பது சங்கத்தின் கடமை.

எங்கள் கோரிக்கைகள்

புதுச்சேரி அரசே! கால்நடை பராமரிப்புத் துறையே!

1. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவ நிலையமும் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அவற்றின் துணையோடு, போதுமான எண்ணிக்கையில் தாய்க்காடை வைத்து, வில்லியனூர், பாகூர் கொம்யூன் விவசாயிகளுக்கு ஒருநாள் குஞ்சும் அடை முட்டையும் அறிவித்த விலையில் வருஷம் முழுக்கக் கொடு!

2. குஞ்சு பொரிக்கும் முட்டை விற்கும் ஒவ்வொருவரையும் பதிவு செய்! ரகம், தாய்க்காடை வயது, ஆண் பெண் விகிதம், முட்டையிட்ட தேதி, ஐந்து வாரச் சராசரி எடை, கரு கூடும் சதவீதம் எழுதிய அட்டையைக் கட்டாயமாக்கு!

3. அட்டையில் சொன்னதற்குக் கீழே போனால் மாற்று முட்டை அல்லது பணம் திரும்பக் கொடுக்க உத்தரவு போடு! பொரியாத முட்டையைப் பரிசோதித்துச் சான்று தரக் கால்நடை மருந்தகங்களுக்கு அதிகாரம் கொடு!

4. கொம்யூனுக்கு ஒரு பொதுப் பொரிப்பகம் அமைத்துத் தட்டு வாடகைக்கு விடு! சின்ன மெஷினுக்கும் கரண்ட் வெட்டுக்கும் நடுவே தாய்மார்களைத் தவிக்க விடாதே!

5. கிசான் கிரெடிட் கார்டு கடனை கால்நடை வளர்ப்புக்கும் நீட்டுவதாக 2018-19 பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். காடை வளர்ப்பவருக்கும் வங்கிகள் அலைக்கழிக்காமல் கடன் கொடுக்க உத்தரவாதம் செய்! கம்மலை அடகு வைத்து விவசாயம் செய்யும் நிலைமைக்கு முடிவு கட்டு!

கேட்பது சலுகையல்ல. நெல் விதைக்குக் கொடுத்த நியாயத்தைக் காடை முட்டைக்கும் கொடு என்றுதான் கேட்கிறோம்.

விவசாயப் பெருமக்களே!

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கி, ஊர்வலமாகப் போய்க் கால்நடைத் துறை அலுவலகத்தில் கொடுக்க இருக்கிறோம். நாளை உங்கள் கிளைக் கூட்டத்தில் அறிவிப்போம். வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் வீட்டில் பொரியாத முட்டைக் கணக்கு நோட்டைக் கொண்டுவாருங்கள். ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். தனித்தனியாக வெட்கப்படுவதால்தான் ஏமாற்றுகிறவன் அடுத்த ஊருக்குப் போகிறான். சங்கச் செயலாளர்களே ஏமாந்ததை ஒத்துக்கொண்டுவிட்டோம். இனி உங்களுக்கு என்ன கூச்சம்?

பெயரைப் பார்த்து வாங்காதே! நிறுத்துப் பார்த்து வாங்கு!
பேச்சை நம்பிக் காசு கொடாதே! பில்லை வாங்கிக் காசு கொடு!
அடை முட்டைக்கு அட்டை வேண்டும்! அரசுப் பொரிப்பகம் உடனே வேண்டும்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்கள்,
விவசாயிகள் சங்கம்,
வில்லியனூர் – பாகூர் கொம்யூன் கிளைகள்